வலது ஓரம்

எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால் மற்ற இரண்டும் வந்திருக்கவே மாட்டா.

முதலாவது, காலஞ்சென்ற என் தகப்பனாருடையது. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடுகிறது. அந்த எக்ஸ்.பி.யைத் தயாரித்தவர்களே 2014ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தோடு அதற்குத் தலை முழுகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது இன்னும் மூச்சு விட்டுக் கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் காபி சாப்பிட்டு வந்தால் விழித்துக் கொண்டிருக்கும். இரண்டாவது, நான் கதை எழுதுகிற யந்திரம். அதில் என் அக்காள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து லினக்ஸ் என்பதை ஏற்றி வைத்து, "இனிமேல் காசும் இல்லை, வைரஸும் இல்லை, மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். காசு இல்லை என்பது வாஸ்தவந்தான். மூன்றாவது என் மகளுடைய மாக். அவள் டிசைன் படிக்கிறாள். அதன் விலையை நான் இங்கே எழுதினால், தமிழ் நாவலாசிரியர்களுக்கு நல்ல வரும்படி என்று யாராவது தப்பாக நினைத்துக் கொள்வார்கள்.

ஆக, ஒரே கூரையின் கீழ் மூன்று சம்பிரதாயங்கள். ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒன்றில் கண்ட்ரோல் பொத்தானோடு சேர்த்து அழுத்த வேண்டியதை இன்னொன்றில் கமாண்ட் பொத்தானோடு சேர்த்து அழுத்த வேண்டும். நான் பழக்க தோஷத்தால் மாக்கிலும் கண்ட்ரோலையே அழுத்துவேன். அது என்னை ஏறிட்டும் பாராது. என் மகள் தலையில் அடித்துக் கொள்வாள். ஒரு படத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்க வேண்டும் என்றால் மூவரும் மூன்று வழி சொல்வார்கள். இவ்வளவு காலமும் இந்தக் கட்சி பேதம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. போன வருஷம் ஹூப்ளியிலிருந்து அத்தை டெலிபோனில் கூப்பிட்ட பிறகுதான் இதில் வேடிக்கையைத் தவிர வேறு விஷயமும் உண்டு என்று தெரிந்தது.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. 1977இல் தன் மனத்துக்குப் பிடித்த ஒருவரைக் கல்யாணம் செய்து கொண்டு போய்விட்டாள். அவர் ஹூப்ளி ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர் என்று சொல்லுவார்கள். நம் ஜாதி இல்லை என்பதுதான் குற்றம். அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவன் நான். அத்தை என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே எனக்குப் பத்து வயதுக்கு மேல்தான் தெரியும். அப்பா அவளோடு பேசவில்லை. அவளைப் பற்றியும் பேசவில்லை. 2014இல் அப்பா இறந்தபோது தகவல் கொடுத்தோம். வந்தாள். வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

அப்படிப்பட்டவள், தானாகவே என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணா, எனக்கு ஒரு உபகாரம் பண்ணணும். அம்மா மூஞ்சி ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. கண்ணை மூடினா புடவை வருது, வளையல் வருது, மூஞ்சி வரலை. அறுபதாம் கல்யாணத்திலே ஸ்டூடியோக்காரரை வரவழைச்சு ஒரு குரூப் போட்டோ எடுத்தோமே, அது உங்கிட்டே இருக்கா? நான்கூட அம்மா நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு வலது ஓரத்திலே நின்னேன்."

"தேடிப் பார்க்கிறேன், அத்தை" என்றேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் படம் எனக்கு எதிர்ச் சுவரில்தான் மாட்டியிருந்தது. தாத்தா, பாட்டி, பின்னால் அப்பா, புது மணப்பெண்ணாக அம்மா, சித்தப்பா, பாட்டியின் மடியில் என் அக்காள். வலது ஓரம் பாட்டியின் நாற்காலியோடு முடிந்திருந்தது. நாற்காலியின் முதுகில் நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. அந்த விரல்கள் யாருடையவை என்று ஒரு தடவை அப்பாவைக் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா சமையலறைக்குள் கூப்பிட்டு, "அது உங்க அத்தை. அந்தப் பேச்சை எடுக்காதே" என்றாள்.

1974இல் ஸ்டூடியோக்காரர் கொடுத்த அசல், தடித்த அட்டையில் ஒட்டியது, சுவரில் மூன்று வருஷம் இருந்தது. அத்தை போன மறுநாள் அப்பா அதைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் போட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அது பெட்டியிலேயே கிடந்தது. பென்ஷன் வாங்கிக் கொண்டு வீட்டில் உட்கார்ந்தபின் அவருக்கு ஸ்கானர் மோகம் பிடித்தது. 2009இல் ஒரு ஸ்கானர் வாங்கினார். வீட்டிலிருந்த பழைய படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அதன் கண்ணாடியில் கவிழ்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அப்போதுதான் அந்த குரூப் போட்டோவும் ஏறியது. அத்தையை நீக்கிவிட்டு அவர் போட்ட பிரதிதான் சுவரிலிருந்தது. அசல் இப்போது இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, டிரங்குப் பெட்டியில் இருந்ததெல்லாம் கூழாகிவிட்டது. கம்ப்யூட்டரை அதற்கு முன்பே என் மாடி வீட்டுக்குக் கொண்டு வந்திருந்ததால் அது தப்பியது.

அத்தைக்கு என்ன பதில் சொல்வது? "நீங்கள் நின்ற பக்கம் பூச்சி அரித்துவிட்டது, அத்தை" என்று சொல்லலாமா என்று யோசித்தேன். தொழில் முறையில் எவ்வளவோ பொய் எழுதுகிறவன். இந்த ஒரு வரி வாயில் வரவில்லை. சரி, பாட்டியின் முகமாவது தெளிவாக இருக்கட்டும், மகளை விட்டுக் கறையைத் துடைத்து அனுப்பலாம் என்று முடிவு செய்து, எக்ஸ்.பி.யை எழுப்பி, அப்பாவின் படங்கள் இருந்த அறையை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து மகளிடம் கொடுத்தேன். அரை மணி கழித்து அவள் கூப்பிட்டாள்.

"அப்பா, ஓரத்திலே நிற்கிறது யாரு?"

போய்ப் பார்த்தேன். விரல்களுக்குப் பின்னால் ஒரு கை இருந்தது. கைக்கு மேல் தோள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, சிரிப்பை அடக்கத் தெரியாமல் நின்று கொண்டிருந்தாள்.

மறுபடியும் ஓடிப் போய் எக்ஸ்.பி.யில் பார்த்தேன். அங்கே அவள் இல்லை. அதே படம், அதே பெயர். அங்கே இல்லாதவள் இங்கே இருக்கிறாள். இரவு பத்து மணி. எனக்கு முதுகு சிலிர்த்தது என்று ஒப்புக் கொள்வதில் வெட்கமில்லை.

மறுநாள் அக்காள் மகன் வந்து மர்மத்தை உடைத்தான். அப்பா பயன்படுத்தியது பிகாஸா. விண்டோஸுக்கென்று பிறந்தது, 2004இல் கூகிள் கம்பெனி அதை வாங்கி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அந்தக் காலத்தில் டிஜிட்டல் காமிரா வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் பிகாஸா இருக்கும். அதற்கு ஒரு குணம் உண்டு. படத்தை வெட்டு என்றால் வெட்டாது. படத்தை ஒரு சிட்டிகைகூடத் தொடாமல், பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்துக் கொள்ளும்: "இந்தப் படத்தை இதுவரையில் மட்டும் காட்டவும்." அவ்வளவுதான். பிகாஸாவுக்குள் இருந்து பார்க்கிறவரைக்கும் அந்தக் கட்டளை செல்லும். வெளியே செல்லாது. ஒரு காலத்தில் நம் மதுவிலக்குச் சட்டம் சென்னை மாகாணத்தில் செல்லுபடியாகி, புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் செல்லாமல் போனதே, அது மாதிரி. மாக்கில் பிகாஸா இல்லை. படம் எல்லையைத் தாண்டியது. கட்டளை எல்லையிலேயே நின்றுவிட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் ஒன்று கேட்பார்கள்: இதற்கு மாக் எதற்கு, எக்ஸ்.பி.யிலேயே பெயிண்ட் என்ற வேறொன்றில் திறந்திருந்தாலும் அத்தை தெரிந்திருப்பாளே என்று. தெரிந்திருப்பாள். ஆனால் அந்த யந்திரத்தில் எந்தப் படத்தைத் தட்டினாலும் பிகாஸாதான் வந்து நிற்கும்படி அப்பா ஏற்பாடு செய்திருந்தார். வேறு கதவு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னொன்றும் உண்டு. பிகாஸாவில் எக்ஸ்போர்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நாகரிகமாகப் படம் அனுப்புகிறவர்கள் அதைத்தான் அழுத்துவார்கள். நான் அழுத்தியிருந்தால் வெட்டுப்பட்ட படமே வெளியே போயிருக்கும். எனக்கு அது தெரியாததால் அத்தை பிழைத்தாள்.

அந்தக் குறிப்பை நான் பார்க்க வேண்டும் என்றேன். மாக்கில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. காரணம் இன்னும் வேடிக்கை. மாக்கிலும் லினக்ஸிலும், பெயரின் முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால் அந்தக் கோப்பு மறைவாக இருக்க வேண்டும் என்பது பூர்வீக வழக்கம். விண்டோஸில் புள்ளிக்கு அந்த மகிமை கிடையாது. அங்கே மறைப்பதற்கு வேறு முத்திரை. என் லினக்ஸில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினதும் திரை விலகி அது வெளியே வந்தது. வெறும் எழுத்துக் கோப்பு. படத்தின் பெயர், அதன் கீழே க்ராப் என்று ஒரு சொல், பிறகு எண்ணும் எழுத்துமாகக் கலந்து ஒரு சரம். அதை நான்கு நான்காகப் பிரித்தால் இடது, மேல், வலது, கீழ் என்று நான்கு எல்லைகளாம். படத்தின் முழு அகலத்தை 65,535 என்று வைத்துக் கொண்டு கணக்கு. அப்பாவின் கணக்கில் இடமும் மேலும் கீழும் முழுசாக இருந்தன. வலது மட்டும் ஐந்தில் நான்கு பங்கோடு நின்றிருந்தது.

நாற்பது வருஷத்துக் கோபம் பதினாறு எழுத்துக்குள் அடங்கியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன் சொல்கிற சரித்திரம் என்று மன்னிக்கவும். எல்லாம் அன்று முதல் ஒரு வாரம் தூக்கம் விட்டுப் படித்தது.

படத்தைத் திருத்துகிற வித்தைக்கு உலகமெல்லாம் ஒரே பெயராகிவிட்ட போட்டோஷாப்பை எழுதியவர்கள் அமெரிக்காவில் இரண்டு சகோதரர்கள், தாமஸ் நோல், ஜான் நோல். அவர்களுடைய தகப்பனாருக்குப் போட்டோ பைத்தியம். வீட்டின் நிலவறையிலேயே இருட்டறை வைத்திருந்தார். 1987இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ், தன் மாக் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக எழுதிய சின்னக் கட்டளைத் தொகுப்புத்தான் மூலம். 1990 பிப்ரவரியில் அடோபி கம்பெனி அதை வெளியிட்டபோது மாக்குக்கு மட்டுமே வந்தது. விண்டோஸ்காரர்கள் இரண்டரையாம் பதிப்பு வரும் வரையில் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. மாக்குக்காரர்களின் மிடுக்கு அந்த நாளில் ஏற்பட்டது. என் மகளிடம் அது இன்னும் இருக்கிறது.

ஆனால் பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டில் சௌக்கியம் அதிகமான பெண்களும் உண்டு அல்லவா? 2008இல் வந்த ஸி.எஸ்.4 பதிப்பு விண்டோஸில் 64 பிட்டில் ஓடிற்று. அதாவது பெரிய பெரிய படங்களைக் கையாள ஞாபக சக்தியை வேண்டிய மட்டும் எடுத்துக் கொள்ளலாம். மாக்கில் 32 பிட்தான். 4 ஜிகாபைட்டுக்கு மேல் கை நீளாது. ஆப்பிள் கம்பெனி பழைய அஸ்திவாரத்தை 64 பிட்டுக்கு நீட்டுவதில்லை என்று 2007இல் முடிவு செய்துவிட்டதால், அடோபி மறுபடி கடைக்காலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. 2010இல் ஸி.எஸ்.5 வந்துதான் மாக்குக்கு விமோசனம். அதே கம்பெனியின் தம்பிப் பதிப்பான எலிமெண்ட்ஸில் ஐந்தும் ஏழும் விண்டோஸுக்கு மட்டுமே வந்தன. மாக்குக்காரர்கள் நான்கிலிருந்து ஆறுக்கும் ஆறிலிருந்து எட்டுக்கும் தாவினார்கள். லினக்ஸுக்கோ போட்டோஷாப் கிடையவே கிடையாது. இத்தனைக்கும் 1990களில் ஸோலாரிஸ், ஐரிக்ஸ் என்ற லினக்ஸின் ஒன்றுவிட்ட அண்ணன்களுக்கெல்லாம் அது கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தது. 2019இல் ஐபேடுக்கு வந்த போட்டோஷாப்பைப் பற்றிக் கேட்க வேண்டாம். பேனாக் கருவியைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தது.

மேட்டிமை எப்போதும் ஒரே பக்கம் இருப்பதில்லை. லினக்ஸில் வளர்ந்த டார்க்டேபிள் என்பது 2017 டிசம்பரில் விண்டோஸுக்குக் குடி வந்தது. வந்தபோது அச்சடிக்கிற வசதி மட்டும் வரவில்லை. லினக்ஸும் மாக்கும் அச்சடிக்க ஒரே ஏற்பாட்டை வைத்திருக்கின்றன, விண்டோஸுக்கு வேறு.

இந்தப் பேதங்களால் மனிதர்களுக்குள் சண்டை மூண்டதும் உண்டு. 2007இல் என் முதல் நாவலுக்கு அட்டைப் படம் தயாரானபோது நடந்ததைச் சொல்கிறேன். ஓவியர் தம் மாக்கில் போட்டு அனுப்பினார். கதாநாயகி மாலை வெயிலில் ஆற்றங்கரையில் நிற்கிறாள். என்னுடைய அந்நாளைய விண்டோஸ் திரையில் அவள் நடுநிசியில் நின்றாள். நான் "இருட்டு" என்றேன். அவர் "உமக்குக் கண் கோளாறு" என்றார். பதிப்பாளர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தவித்தார். மூன்று பேருமே நிஜத்தைத்தான் சொன்னோம். நடுத்தரமான சாயல்களை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்பதற்கு காமா என்று ஒரு கணக்கு உண்டு. விண்டோஸில் அது 2.2. மாக்கில் 1.8. ஆகவே மாக்கில் பளிச்சென்று இருப்பது விண்டோஸில் இருண்டு தெரியும். 2009இல் வந்த ஸ்நோ லெப்பர்ட் என்ற பதிப்பிலிருந்து மாக்கும் 2.2க்கு வந்துவிட்டது. எனக்கும் ஓவியருக்கும் இடையே பேச்சு வார்த்தை திரும்ப அதைவிட அதிக நாள் பிடித்தது.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த மென்பொருள்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, படத்திலேயே கத்தியை வைப்பது. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் டச்சிங் செய்கிறவர் என்று ஒருவர் இருப்பார். நெகடிவைக் கண்ணாடி மேஜையில் வைத்து, கூரான பென்சிலால் அம்மைத் தழும்பை நிரப்புவார். சின்னக் கத்தியால் சுரண்டுவார். சுரண்டினால் சுரண்டினதுதான். போட்டோஷாப்பும் ஆரம்பத்தில் அப்படித்தான். 1998இல் ஐந்தாம் பதிப்பு வருகிறவரையில் ஒரே ஒரு தப்பைத்தான் மாற்ற முடியும். பிறகு அடுக்கு மேல் அடுக்காகப் பல சலுகைகள் வந்துவிட்டன. இருந்தாலும், வெட்டின படத்தை அதே பெயரில் ஜேபெக்காகச் சேமித்துவிட்டு எழுந்து போனால், வெட்டின பாகம் போனதுதான். மற்றொரு ஜாதி, பிகாஸா மாதிரி, படத்தைத் தொடாமல் பக்கத்தில் குறிப்பு எழுதுவது. மாக்கிலுள்ள போட்டோஸும் அசலைத் தன்னிடத்திலேயே பத்திரமாக வைத்துக் கொள்ளும்.

அப்பாவிடம் போட்டோஷாப் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர் எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிற மனிதர் அல்ல. நாற்காலி முதுகிலிருந்த நான்கு விரல்களையும் அழித்து, அங்கே மரத்தைப் பூசியிருப்பார். பிகாஸா நேர்கோட்டில்தான் வெட்டும். விரலை நீக்க வேண்டுமானால் பாட்டியின் தோளையும் சேர்த்து நீக்கியாக வேண்டும். அது அவரால் முடியவில்லை. அந்த மென்பொருளுக்கு அவ்வளவு வசதி இல்லாமற் போனதை நான் இப்போது அதன் பெரிய வசதியாகக் கருதுகிறேன்.

இதற்குள் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக் கொண்டது. வெட்டு நிரந்தரமல்ல என்று அவருக்குத் தெரியுமா? பிகாஸாவில் படத்தைத் திறந்தால், கடைசியாகச் செய்ததை மாற்றுகிற பொத்தான் இடது பக்கம் எப்போதும் இருக்கும். "க்ராப்பை ரத்து செய்" என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். மாறுதலைப் படத்தோடு நிலைநிறுத்த வேண்டுமானால் அதற்கும் தனியாகச் சேமிக்கிற பொத்தான் உண்டு. அந்தப் பொத்தானை அவர் ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா? கதை எழுதுகிறவனுக்குத் தெரிந்தே விட்டார் என்று எழுதத்தான் கை வரும். ஆனால் மற்றப் படங்களையும் பார்த்தேன். எதிலும் அவர் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. என் காதுகுத்துப் படத்தில் கூடத்தான்.

இந்த நிலையில்தான் மகள் மறுபடி கூப்பிட்டாள். மாக்கில் படத்தின் விவரங்களைத் திறந்து வைத்திருந்தாள். கீழே ஒரு வாசகம் இருந்தது. பிகாஸாவில் படத்துக்குக் கீழே பெயர் எழுதினால், அதை மட்டும் அது பக்கத்துக் குறிப்பில் வைப்பதில்லை. ஜேபெக் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். ஆகவே வெட்டு எல்லையைத் தாண்டவில்லை, பெயர்கள் தாண்டிவிட்டன. அப்பா ஆபீஸ் குமாஸ்தாவின் சுத்தத்தோடு இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தார். உட்கார்ந்திருப்பவர்கள் இன்னார், நிற்பவர்கள் இடமிருந்து வலம் இன்னார். நான், கமலா, தம்பி...

"தாத்தா எதுக்கு ரெண்டு தடவை வரார்?" என்றாள் மகள். "முதல்லே 'நான்'னு போட்டிருக்கார். கடைசியிலே 'பப்பா'ன்னு போட்டிருக்காரே?"

எனக்கும் ஒரு நிமிஷம் புரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு படித்தாள்.

"பப்பா இல்லேடி. பாப்பா. உங்க தாத்தா அவளை அப்படித்தான் கூப்பிடுவார்."

வீட்டில் எல்லாரும் அத்தையை சரசு என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன், அதுவும் மெதுவான குரலில். பெயர்களை எழுதியது முதலிலா, வெட்டியது முதலிலா என்று கண்டுபிடிக்க முடியுமா என்று அக்காள் மகனைக் கேட்டேன். இரண்டு கோப்புகளின் தேதிகளையும் பார்த்தான். எனக்கு எக்ஸ்போர்ட் தெரியாதது ஒரு விதத்தில் நல்லதாயிற்று. இன்னொரு விதத்தில், நான் பென் டிரைவில் ஏற்றி இறக்கி, பத்துத் தடவை திறந்து மூடியதில் தேதிகள் எல்லாம் குழம்பிவிட்டன. "சொல்ல முடியாது, மாமா" என்றான்.

படத்தைச் செப்பனிடுகிற வேலையை நானே எடுத்துக் கொண்டேன். லினக்ஸில் ஜிம்ப் என்று ஒன்று உண்டு. 1995இல் பெர்க்லி சர்வகலாசாலை மாணவர்கள் இரண்டு பேர் ஆரம்பித்து, தர்மமாக உலகத்துக்குக் கொடுத்தது. தர்மப் பொருளுக்குள்ள பிடிவாதம் அதற்கும் உண்டு. "ஸேவ்" என்றால் தன் சொந்த எக்ஸ்.ஸி.எப். முறையில்தான் சேமிக்கும், ஜேபெக்காக வேண்டுமானால் "எக்ஸ்போர்ட்" என்று கேட்க வேண்டும். முதல் இரண்டு நாள் இதை அறியாமல் திட்டினேன். அசல் அட்டை எந்தக் காலத்திலோ மடங்கி, பாட்டியின் கன்னத்திலிருந்து அத்தையின் முழங்கை வரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கோட்டின் மேல் வைத்துத் தேய்க்கிற கருவி ஒன்றை அக்காள் மகன் காட்டிக் கொடுத்தான். மூன்று ராத்திரி தேய்த்தேன். பாட்டியின் முகம் வந்தது. அவளுடைய சுருக்கங்களில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் பென்சிலால் எடுத்திருந்ததே போதும்.

மகளுக்கு என் வேலை நகர்வு போதவில்லை. தன்னுடைய போட்டோஷாப்பில் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தானாகவே வர்ணம் பூசுகிற வசதி 2020 முதல் இருக்கிறது என்று சொல்லி, ஒரு பொத்தானை அழுத்தினாள். யந்திரம் தாத்தாவின் வேஷ்டியைச் சரியாக வெள்ளையாக விட்டது. மரத்தைச் சரியாகப் பழுப்பாக்கிற்று. அத்தையின் புடவைக்கு நீலம் கொடுத்தது.

"நீலம் இல்லை" என்றாள் அம்மா. "மாம்பழக் கலர். அரக்கு பார்டர். அது என் கல்யாணப் புடவைகள்லே ஒண்ணு. அன்னிக்கு அவளுக்கு நல்லதா ஒண்ணும் இல்லை, நான்தான் கட்டிக்கக் கொடுத்தேன்."

மகள் யந்திரத்துக்கு மாம்பழ நிறம் கற்பிக்க ஆரம்பித்தாள். "வேண்டாம், கறுப்பு வெள்ளையே இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இரண்டு பிரதிகள் போட்டோம். கீழே அப்பா எழுதிய பெயர்களை, அவர் எழுதியபடியே, இங்கிலீஷிலேயே போட்டோம். ஒன்றை ஹூப்ளிக்கு அனுப்பினோம். மற்றொன்றை மாட்டுவதற்காகச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றப் போனேன். அம்மா, "அது அவர் மாட்டினது, அது பாட்டுக்கு இருக்கட்டும். இதைப் பக்கத்திலே மாட்டு" என்றாள். இப்போது இரண்டும் இருக்கின்றன. வருகிறவர்கள், ஒரே படத்தை எதற்கு இரண்டாக மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து அத்தை கூப்பிட்டாள். படம் கிடைத்துவிட்டது என்றாள். அம்மாவின் மூக்குத்தி எட்டுக்கல் பேஸரி என்பதைத் தான் மறந்தே போய்விட்டதாகச் சொன்னாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,

"கீழே பேரெல்லாம் போட்டிருக்கே, யாரு போட்டது? நீயா?" என்று கேட்டாள்.

"இல்லை, அத்தை. அப்பா போட்டது."

டெலிபோனில் வெகு நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கூரியருக்கு என்ன செலவாச்சு?" என்றாள் அத்தை.